இரண்டு ஊழியங்கள்: ஏலமலைச் சரிவில் இளைய ஹென்றி பேக்கரின் வாழ்வும் மலையரையர் கேட்ட நீதியும்

முன்னுரை

ஊழியம் என்னும் சொல் தமிழ்க் கிறித்தவ வழக்கில் இறைப்பணியைக் குறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் அதே சொல், கூலியின்றி அரசுக்கும் சிற்றரசருக்கும் கோவிலுக்கும் செய்தாக வேண்டிய கட்டாய வேலையின் பெயராக இருந்தது. ஒரு சொல்லின் இவ்விரு பொருள்களும் எதிரெதிர் நின்ற களமாக அமைந்தது சர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த இளைய ஹென்றி பேக்கரின் (1819–1878) வாழ்வு. ஓர் ஊழியத்தின் சுமையைத் தாங்கமாட்டாத மக்கள் மற்றோர் ஊழியத்தைத் தேடி அவர் வாயிலுக்கு வந்தனர். அவர்கள் வேண்டியது எது, அவர் அளித்தது எது, இரண்டிற்கும் இடையே எஞ்சி நின்றது எது என்பனவே அவ்வாழ்வை இன்று மீண்டும் படிக்கத் தூண்டும் வினாக்கள்.

போடிநாயக்கனூருக்கு மேற்கே சுவர்போல் எழும் ஏலமலைத் தொடரின் கிழக்குச் சரிவு தமிழகத்திற்கும், மேட்டுநிலமும் மேற்குச் சரிவும் இன்றைய கேரளத்திற்கும் உரியவை. மாநில எல்லை பிரிப்பினும் மலையின் வரலாறு ஒன்றே. போடி, கம்பம் பகுதி உழவர்கள் மேட்டைக் கடந்து சென்று திருவிதாங்கூர் மண்ணில் ஏலம் பயிரிட்டனர். விளைந்த காய் அந்நாட்டு அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்தது. குரங்கணி, போடிமெட்டுப் பக்கத்தில் முதுவரும் பளியரும், மேட்டில் மன்னான்களும், மேற்கே மீனச்சில், மணிமலை ஆறுகள் பிறக்கும் சரிவுகளில் மலையரையரும் வாழ்ந்தனர். முதுவர் தம் முன்னோர் மதுரையை விட்டு மலையேறியவர் என்பர். இம்மலைகளின் பெரும்பகுதிக்கு உரிமை கொண்டாடிய பூஞ்ஞாறு அரச குடும்பமும் தன்னைப் பாண்டியர் வழியினதாகவே கூறும். ஆள்வோரும் ஆளப்பட்டோரும் ஒரே நகரத்தைத் தம் மூலமாகச் சுட்டுவது இம்மலையின் தனித்தன்மை.

மதுரையில் 1834-இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் கம்பம் பள்ளத்தாக்கு வரை பரவியது. 1845 முதல் கொடைக்கானல் அதன் பணியாளர்க்கு உடல்நலம் தேறும் இடமாயிற்று. ஆயினும் அம்மிஷனின் கவனம் சமவெளிச் சாதியினர் மீதே பெரிதும் நின்றது. இத்தொடரின் தொல்குடி ஒன்று கிறித்தவத்தோடு சமூக அளவில் உறவு கொண்டது மேற்குச் சரிவில்தான். அதனால் கிழக்குச் சரிவின் ஆய்வாளரும் பேக்கரைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

தஞ்சையும் கோட்டயமும்

பேக்கரின் தந்தை மூத்த ஹென்றி பேக்கர், பெஞ்சமின் பெய்லி, ஜோசப் ஃபென் ஆகியோரோடு கோட்டய மிஷனின் மூவருள் ஒருவராக எண்ணப்படுபவர். தாய் அமேலியா டாரத்தியா, தஞ்சைக் கோலாஃப் குடும்பத்தவர். தரங்கம்பாடி மிஷனில் வேரூன்றி, ஷ்வார்ட்சின் மாணவரான ஜான் காஸ்பர் கோலாஃபால் தஞ்சையில் நிலைபெற்ற குடும்பம் அது. அமேலியா கோட்டயத்தில் பெண்களுக்குப் பள்ளி நடத்தி, கணவருக்குப் பின்னும் நெடுங்காலம் அங்கேயே வாழ்ந்தவர். மிஷன் வரலாறுகள் ஆடவர் பெயராலேயே எழுதப்பட்டமையால் இவ்வம்மையாரின் பணி அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. மகனுக்கு அயல்நாடு என்று தோன்றாத ஒரு தென்னிந்தியாவை அளித்தவர் அவரே எனக் கொள்ள இடமுண்டு.

இளையவர் இங்கிலாந்தில் பயின்று குருப்பட்டம் பெற்று 1843-இல் திருவிதாங்கூர் திரும்பியபோது மிஷனின் போக்கு மாறியிருந்தது. கர்னல் மன்றோ ரெசிடென்டாக இருந்த காலத்தில் (1810–1819) சிரியக் கிறித்தவத் திருச்சபைக்குத் துணை நிற்பதே கோட்டயத்தார் நோக்கமாக இருந்தது. 1836-இல் மாவேலிக்கரையில் கூடிய சிரியத் திருச்சபை மன்றம் அத்தொடர்பை முறித்துக்கொண்டது. அதன்பின் ஆங்கிலேயக் குருமார் அடிமைச் சாதியினர் பக்கமும் பிற ஒடுக்கப்பட்டோர் பக்கமும் திரும்பினர். அடிமை ஒழிப்பை வேண்டித் திருவிதாங்கூர் மன்னருக்கு மிஷனரிகள் 1847-இல் விண்ணப்பம் அளித்தனர். முழு ஒழிப்பு ஆணை 1855-இல் வந்தது. கோட்டயத்தின் தெற்கே பள்ளம் என்னும் ஊரில் பேக்கர் பணியாற்றிய காலமும் இதுவே.

அழைத்தவர்கள்

1840-களின் இறுதியில் மலையரையர் ஊர்த்தலைவர் சிலர் பள்ளத்திற்கு இறங்கிவந்து, தம் மக்களுக்குப் பள்ளியும் போதனையும் வேண்டுமென்றனர். பேக்கர் உடனே இசையவில்லை. சமவெளிப் பணியே மிகுதி. மலையோ தொலைவு, காய்ச்சலும் யானையும் மிக்கது. அவர்கள் திரும்பிச் சென்று மீண்டும் வந்தனர். ஐந்தாவது முறை வந்தபோது, தாங்கள் விலங்குகளைப்போல் இறந்து நாய்களைப்போல் புதைக்கப்படுவதாகவும், இந்நிலையில் தங்களைப் புறக்கணிப்பது அவருக்குத் தகுமா என்றும் முறையிட்டதாக மிஷன் பதிவுகள் கூறும். அதன் பின்னரே பேக்கர் மலையேறினார்.

இப்பதிவுகள் இங்கிலாந்தில் பணம் திரட்டும் நோக்கோடும் எழுதப்பட்டவை என்பதை மறத்தலாகாது. மன்றாடும் பழங்குடியும் மனமிரங்கும் குருவும் அக்கால மிஷன் இதழ்களின் நிலையான பாத்திரங்கள். அக்குறையை நீக்கிப் பார்ப்பினும் ஓர் உண்மை எஞ்சுகிறது: முதல் அடி எடுத்துவைத்தவர்கள் மலையரையர். அதைத் தயங்கியவரே தம் வாயால் பதிவு செய்தமையால் அதன் நம்பகம் கூடுகிறது. ஐந்து முறை இறங்கி ஏறிய கால்களை முதன்மையாக வைத்தால், அவர்தம் கதையில் பேக்கரே விடையாக வந்தவர்.

அவர்கள் ஏன் வந்தனர்? சமயத் தாகம் ஒன்றே காரணம் என மிஷன் நூல்களும், ஆசை காட்டி இழுக்கப்பட்டனர் என எதிர்ப்பு நூல்களும் கூறிவந்துள்ளன. இரண்டும் வரிக்கணக்கைப் போதுமான அளவு பார்க்கவில்லை. பூஞ்ஞாறு அரசர் உழைக்கும் வயதடைந்த ஒவ்வொரு தலைக்கும் மாதந்தோறும் 2 சக்கரம் பெற்றார். அரசர்முன் வந்து நிற்பதன் பெயரால் ஏறக்குறைய அதே அளவு மற்றொரு தொகை. இவற்றின்மேல் காய்கனிப் பங்கு, இலை முதலிய காட்டுப்பொருள்களைச் சுமந்து தரல், கூலியில்லா வேலை, கையில் காசிருந்தால் அதைக் கடனாகக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம். அக்கால நாணயத்தில் 28 சக்கரம் ஒரு ரூபாய். தொகை சிறிதாகத் தோன்றலாம். காசு அரிதான மலையில், காசாகவே தர வேண்டிய வரி அவர்களைக் கீழ்நாட்டு வணிகரிடம் கொண்டு நிறுத்தியது. ஊர்த்தலைவருக்கு அரசர் வெள்ளிப்பூண் இட்ட பிரம்பு ஒன்றை அளிப்பது வழக்கம். தன் மக்களிடம் வரி தண்டும் உரிமை ஒரு விருதாக வழங்கப்பட்டது என்பதே இதன் பொருள். அடிமைகளினும் இவர்கள் நிலை கீழானது என்று மிஷனரிகள் மதிப்பிட்டனர்.

பெயரை இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். 1862-இல் இலண்டனில் பேக்கர் இம்மக்களைப் பற்றி வெளியிட்ட நூலின் தலைப்பில், பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு, அயலார்க்கு ஆரியர் என்று மயங்கத் தோன்றும். சொல்லோ அரையன், அரசன் என்பதன் திரிபு. கரையில் மீனவரைக் குறிக்கும் அரயன் என்னும் வழக்கும் இதனோடு ஒலியால் ஒக்கும். மலையின் அரசர் என்று பொருள்படும் பெயர் தாங்கிய மக்கள் தலைவரி செலுத்தி, இலை சுமந்து நின்றனர்.

கிறித்தவர்க்கு ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்தும் கோவில் சார்ந்த ஊழியத்திலிருந்தும் விலக்கு உண்டென்பது மன்றோ காலத்திலேயே நாடறிந்த செய்தி. மலையரையர் அதை அறிந்திருந்தனர் எனக் கொள்வது பொருத்தமே. அதனால் அவர்தம் சமய வேட்கை போலியாகிவிடாது. நீதி வேண்டியதும் இறைவனை வேண்டியதும் வேறுவேறு வேண்டுதல்கள் என்று பிரித்துக் காண்பது ஏட்டறிவினர் பழக்கம். ஐந்து முறை வந்தவர்களிடம் அப்பிரிவு இருந்ததாகத் தெரியவில்லை.

முண்டக்கயம்

மணிமலையாற்றின் கரையில், மலையடிவாரக் காட்டிடையே உள்ள முண்டக்கயத்தைப் பேக்கர் மலைப்பணியின் மையமாகக் கொண்டார். அங்குப் பள்ளியும் ஆலயமும் எழுந்தன, குடியிருப்பும் உருவாயிற்று. 1850-களில் திருமுழுக்குகள் தொடங்கின. மலையூர்களில் உள்ளூர் ஆசிரியர் அமர்த்தப்பட்டனர். அன்றாடப் பணி பெரும்பாலும் அவர்கள் கையிலேயே நடந்தது. சமவெளியினரும் மலையினரும் ஒரே கூரையின்கீழ் அமர்வது எளிதாக இல்லை. மலையரையர் தம்மைப் பிற மலைக்குடிகளுக்கு மேலாகக் கருதியவர்கள். தீண்டாமையின் நிழல் அவர்கள் மீதும் விழுந்தது, அவர்களிடமிருந்தும் விழுந்தது. ஆலயம் அதனை ஒரு தலைமுறையில் அகற்றிவிடவில்லை.

பேக்கரின் எழுத்துகளில் இன்றும் மதிப்புக் குன்றாதது நம்பிக்கைகளைப் பற்றிய விவரணையே. இறந்தோரை அடக்கும்போது அவர்தம் ஆவியைச் சிறு உலோகப் படிமம் ஒன்றினுள், வசதியில்லாதார் ஒரு கூழாங்கல்லினுள், வந்து தங்குமாறு அழைப்பர். அப்படிமமோ கல்லோ சிறு கற்பலகைகளாலான அறையில் வைக்கப்பட்டு மூடுகல் இடப்படும். ஆண்டுதோறும் மூடுகல்லை நீக்கிப் பாலும் கள்ளும் சாராயமும் படைப்பர். சங்க நூல்கள் பதுக்கை என்று சுட்டுவதையும், மறையூர்ப் பகுதிக் கல்திட்டைகளையும், தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006-இல் வெளிப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களையும் அறிந்தவர்க்கு இவ்விவரணை வியப்பளிக்கும். நேரடித் தொடர்ச்சி என்று துணிவதற்குச் சான்று போதாது. ஆனால் கல்லில் முன்னோரை நிறுத்தும் எண்ணம் இம்மலையின் இரு சரிவிலும் நிலைபெற்றிருந்தமை தெளிவு.

பேக்கர் இதனை மூடநம்பிக்கை என்றே கருதினார். ஆயினும் பொறுமையாகக் கேட்டு எழுதினார். அழிய வேண்டும் என்று தாம் நம்பியதையே அழியாமல் பதித்துவைத்தார். விலங்குகளைப்போல் இறக்கிறோம் என்று வந்தவர்களின் முறையீட்டை இங்கு மீண்டும் நினைத்தல் தகும். இத்தனை நுட்பமான இறப்புச் சடங்குடைய மக்கள் தம் இறப்பை அவ்வாறு பழித்துப் பேசியிருப்பரா? பேசியிருப்பின், ஒடுக்குமுறை அவர்கள் கண்ணில் தம் சடங்கையே சிறுமைப்படுத்தியிருந்தது என்றாகும். பேசவில்லையெனின், அது எழுதியவரின் இறையியல். எதுவாயினும் காயம் ஒன்றிருந்தது. முண்டக்கயம் அதற்கு இட்ட மருந்து, இறந்தோரோடு கொண்ட ஆண்டு உறவைத் துண்டிக்கவும் செய்தது.

தலனானியின் வாள்

இத்துண்டிப்பின் மிகக் கூரிய சான்று தலனானியின் கதை. வேட்டைத் தெய்வமாகிய ஐயப்பனின் அருள்வாக்குரைப்பவராக, சபரிமலையோடு தொடர்புடையவராக மலையரையரிடையே வாழ்ந்த பூசகர் தலனானி. வாள், கோல், வளை, மணிகள் அணிந்து, மது அருந்தி, அருள்நிலையில் வாக்குரைத்தவர். பகைவரால் கொலையுண்டபின், கொன்றவர்களே அவருக்குப் படிமம் செய்து வழிபட்டனர். அவர் வழிவந்தவர் கிறித்தவரானபோது அப்படிமமும் அருள்பொருள்களும் மிஷனரிகளின் கைக்கு வந்தன. சாமுவேல் மெட்டீரின் நூல் (1883) முதல் எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு (1909) வரை மலையரையர் பற்றிய ஆங்கில எழுத்துகள் பெரிதும் மிஷனரிகளின் குறிப்புகளையே நம்பி நின்றன. ஒரு குலத்தின் நினைவு முதலில் கைமாறிப் பின்னர் அச்சேறிய வழி அது.

கிறித்தவ இறையியல் நோக்கில் வாளை ஒப்படைத்தல் விடுதலையின் அடையாளம். அச்சுறுத்திய ஆவிகளிடமிருந்து நீங்கியோர் உண்மையிலேயே ஆறுதல் அடைந்திருக்கலாம். அதை மறுப்பது அவர்தம் அனுபவத்தை அவமதிப்பதாகும். ஆனால் பூஞ்ஞாற்றரசரின் வெள்ளிப்பூண் பிரம்பும் தலனானியின் வாளும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. முன்னது வெளியிலிருந்து சுமத்தப்பட்டது. பின்னது அம்மக்களின் சொந்த அதிகாரம். மிஷன் இவ்வேறுபாட்டைக் காணவில்லை. முன்னதைக் கண்டித்து எழுதியது, பின்னதைப் பெற்றுக்கொண்டது.

ஒப்புரவு என்னும் சொல்

தமிழ் விவிலியத்தில் புனித பவுல் குறிப்பிடும் ஒப்புரவாக்கும் பணி, கடவுளுக்கும் மனிதர்க்கும் இடையே முறிந்த உறவைச் சீராக்குவது. கத்தோலிக்க வழக்கிலும் பாவமன்னிப்பு அருட்சாதனத்திற்கு இதே பெயர். ஆனால் வள்ளுவர் இருபத்திரண்டாம் அதிகாரத்திற்குத் தலைப்பாக வைத்த ஒப்புரவறிதல், உலக நடையறிந்து கைம்மாறு கருதாமல் பிறர்க்கு உதவி வாழ்வதைக் கூறும். ஒன்று முறிவிலிருந்து தொடங்குகிறது, மற்றொன்று கடமையிலிருந்து. மலையரையர் வாழ்வில் இவ்விரு பொருளும் இணைந்தாலன்றி ஒப்புரவு நிறைவுறாது. மன்னிப்பு மட்டும் போதாது, நிலமும் வேண்டும்; நிலம் மட்டும் போதாது, முன்னோரின் பெயரும் வேண்டும்.

கனடாவில் ஐக்கியத் திருச்சபை 1986-இலும் ஆங்கிலிக்கன் திருச்சபை 1993-இலும் தொல்குடியினரிடம் மன்னிப்புக் கேட்டன. ஆங்கிலிக்கன் திருச்சபையின் மன்னிப்பு, தங்கிப்பயிலும் பள்ளிகளில் பிள்ளைகளை மொழியிலிருந்தும் பெற்றோரிடமிருந்தும் பிரித்த குற்றத்திற்கானது. முண்டக்கயத்தை அதனோடு அப்படியே ஒப்பிடுதல் பிழை. அங்குப் பள்ளி அரசின் கட்டாயம். இங்கு மக்களே கேட்டுப் பெற்றது. இங்குப் பிள்ளைகள் தம் மலையிலேயே வளர்ந்தனர். ஆயினும் தொல்குடியின் சமயம் முழுதும் இருள் என்ற முன்முடிவு இரு நிலத்திலும் ஒன்றே. தென்னிந்தியத் திருச்சபைகள் சாதியைப் பற்றிப் பேசிய அளவிற்கு இதைப் பற்றிப் பேசியதில்லை.

காப்பியும் காடும்

பேக்கரின் வாழ்வில் மிஷன் வரலாறுகள் விரைந்து கடந்துசெல்லும் பகுதி ஒன்றுண்டு. பீருமேட்டுக் காப்பித் தோட்டங்களின் தொடக்க வரலாற்றில் அவர் பெயர் இடம்பெறுகிறது. மலைவழி அறிந்தவர், மக்களின் நம்பிக்கை பெற்றவர், ஐரோப்பியர். தோட்டக்காரர்க்கு முன்னோடியாக இவற்றினும் வேறு தகுதி வேண்டியதில்லை. பணிக்கு வருவாய் தேடுதல், மலைக்குப் பாதை கொணர்தல் என்னும் நல்நோக்கங்கள் இருந்திருக்கலாம். ஆனால் மலையரையர் வாழ்ந்தது காட்டை மாற்றிமாற்றி உழும் முறையால். தோட்டம் வேலியிட்ட நிலையான நிலம். அது வந்த இடத்தில் சுழற்சி உழவு குற்றமாயிற்று. கட்டாய வேலையிலிருந்து மீள வந்த மக்களின் மலை, ஒரு தலைமுறைக்குள் கூலி வேலையின் மலையாக மாறத் தொடங்கியது. அக்கூலிகளுள் மிகப் பலர் போடி, கம்பம் வழியாக ஏறிய தமிழர். இலைநோய் பரவிக் காப்பி வீழ்ந்தபின் தேயிலை வந்தது, தோட்டம் நிலைத்தது.

1877 சூலை 11-ஆம் நாள் பூஞ்ஞாறு அரசர் கண்ணன் தேவன் மலைகளை, ஏறத்தாழ 227 சதுர மைல் பரப்பை, ஜான் டேனியல் மன்றோவுக்குச் சாசனமாக எழுதிக்கொடுத்தார். அங்கே வாழ்ந்த முதுவரின் இசைவு எவராலும் கேட்கப்படவில்லை. அடுத்த ஆண்டு, 1878-இல், பேக்கர் காலமானார். தலைவரி தண்டிய அதே குடும்பம் தலைகளோடு மலையையே கைமாற்றியதைப் பற்றி அவர் என்ன எண்ணினார் என்பதற்குப் பதிவு இல்லை. அடிமை முறையை எதிர்த்து விண்ணப்பமிட்ட மிஷனரிகள் நிலச்சாசனங்களை எதிர்த்து அவ்வாறு திரண்டதில்லை என்பது மட்டும் வெளிப்படை. மனிதனை விற்பது பாவம் என்றறிந்த அறம், மனிதர் வாழும் காட்டை விற்பதில் பாவத்தைக் காணவில்லை. அக்காலத்தவர் அனைவரும் அப்படியே என்பது விளக்கமாகலாம், மலையரையர் அப்படியிருக்கவில்லையே.

பேக்கருக்குப் பின்

திருவிதாங்கூரின் ஏலத் தனியுரிமை 1896-இல் நீக்கப்பட்டது. போடிநாயக்கனூர் காலப்போக்கில் ஏல வணிகத்தின் பெருஞ்சந்தையாயிற்று. மேற்குச் சரிவில் பேக்கரின் பள்ளிகள் பயன் தந்தன. கேரளப் பழங்குடிகளுள் கல்வியில் முன்னிற்போராக மலையரையர் இன்று அறியப்படுகின்றனர். 1983-இல் தென்னிந்தியத் திருச்சபையின் கிழக்குக் கேரளப் பேராயம் மேலுகாவைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. பட்டியல் சாதியினர்க்கான 1950-ஆம் ஆண்டு ஆணையில் சமய வரையறை உண்டு. பழங்குடியினர்க்கான ஆணையில் அது இல்லை. இதனால் அடிமைச் சாதியிலிருந்து கிறித்தவரானோர் இழந்த சட்டப் பாதுகாப்பை மலையரையக் கிறித்தவர் இழக்கவில்லை. அதே காலத்தில் அதே மிஷனை நாடிய இரு சமூகங்களின் வழித்தோன்றல்கள் இன்று அரசின் முன் இருவேறு நிலையில் நிற்கின்றனர்.

கிறித்தவம் தழுவாத மலையரையர் சபரிமலையிலும் பொன்னம்பலமேட்டு விளக்கிலும் தமக்கிருந்த பழைய உரிமையை மீட்டுத்தருமாறு கோரிவருகின்றனர். மேலுகாவின் ஆலயத்தில் கூடுவோரும் இக்கோரிக்கையை எழுப்புவோரும் ஒரே குலத்தார். தலனானியின் பெயர் இரு சாராருக்கும் முன்னோர் பெயரே. ஆனால் அவர் கதை அச்சில் நிலைபெற்றது ஆங்கிலேயக் குருமாரின் குறிப்புகளில்.